குறுங்கேலக்ஸிகளில் விண்மீன் பிறப்பு வீதம்: காரைக்குடியில் இருந்தபடி அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பால்வீதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு சூரிய நிறை அளவுக்கு வாயு விண்மீனாக மாறுகிறது. பக்கத்தில் உள்ள குறுங்கேலக்ஸிகளில் (நம்முடையதைவிட மிகச் சிறிய கேலக்ஸிகள்) இதே கணக்கு 0.1, 0.01 என்று இறங்கி, சிலவற்றில் 0.0001 வரை போகிறது. எண் இவ்வளவு சிறியதாகும்போது, பெரிய சுருள் கேலக்ஸிகளை வைத்து எழுதிய சூத்திரங்கள் தடுமாறத் தொடங்கும். ஒரே கேலக்ஸிக்கு இரண்டு முறைகளில் இரண்டு விடை வரும், இரண்டும் பிழையில்லாமலும் இருக்கும்.

காரணம், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு கால அளவின் சராசரியைத் தருகிறது. நகரத்தார் கணக்குப் புத்தகங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். எச்-ஆல்ஃபா ஒளி, அதாவது ஹைட்ரஜன் வாயு உமிழும் சிவப்புக் கோடு, நாள்வழிக் குறிப்பு. கடைசி 3 முதல் 10 மில்லியன் ஆண்டு வரவை மட்டும் சொல்லும். தொலை புற ஊதா (புற ஊதாவில் அலைநீளம் குறைந்த பகுதி) பேரேடு. 100 மில்லியன் ஆண்டு வரை பின்னால் போகும். விண்மீன்களைத் தனித்தனியே எண்ணி எழுதும் வரலாறுதான் ஐந்தொகை. மூன்றும் ஒத்துப்போக வேண்டுமானால் வரவு சீராக இருந்திருக்க வேண்டும். குறுங்கேலக்ஸிகளில் அது சீராக இருப்பதில்லை.

ஆகவே ஓர் எண்ணோடு நிறுத்தாதீர்கள். புற ஊதாவில் ஒன்று, எச்-ஆல்ஃபாவில் ஒன்று என இரண்டு எண்களை அவற்றின் கால அளவோடு சேர்த்துத் தர வேண்டும். இந்த வழிகாட்டி அதற்கானது. அழகப்பா பல்கலைக்கழகத்திலோ பக்கத்துக் கல்லூரிகளிலோ முதுநிலை இயற்பியல் திட்டப்பணி செய்பவரையும், மொட்டை மாடியில் 8 அங்குலத் தொலைநோக்கி வைத்திருப்பவரையும் மனதில் வைத்து எழுதியது.

முன்னேற்பாடு

8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி போதும். பைத்தானும் அதில் ஆஸ்ட்ரோபை, ஃபோட்யூட்டில்ஸ், ரீப்ரொஜெக்ட் என்ற மூன்று தொகுப்புகளும் வேண்டும். படங்களைக் கண்ணால் பார்க்க டிஎஸ்9 அல்லது அலாடின். எல்லாமே இலவசம்.

தரவும் இலவசம்தான். கேலெக்ஸ் விண்கலத்தின் புற ஊதாப் படங்கள் மாஸ்ட் காப்பகத்தில் கிடைக்கும். 11 மெகாபார்செக்குக்குள் (ஒரு மெகாபார்செக் சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) உள்ள கேலக்ஸிகளின் எச்-ஆல்ஃபா படங்களும் ஸ்பிட்சர் அகச்சிவப்பு விண்தொலைநோக்கியின் 24 மைக்ரான் படங்களும் இர்சா காப்பகத்தில் உள்ளன. நம் ஆஸ்ட்ரோசாட் விண்கலத்தின் யூவிட் என்ற புற ஊதாக் கருவியின் தரவு இஸ்ரோவின் ஆஸ்ட்ரோபிரவுஸ் தளத்தில் பதிவு செய்தால் கிடைக்கும். கேலெக்ஸ் படம் ஒன்று 3840 × 3840 பிக்சல், விரித்தால் 59 எம்பி. தெளிவுப் படம், எண்ணிக்கைப் படம், பின்னணிப் படம், உணர்திறன் படம் என்று ஒரு புலத்துக்கு நான்கை இறக்க வேண்டும், இரண்டு நிறங்களுக்கும் சேர்த்து எட்டு. கைபேசி இணையத்தில் இறக்குபவர்கள் முதலில் புலத்தின் வெளிப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். முழுவான ஆய்வின் 100 விநாடிப் படங்கள் குறுங்கேலக்ஸிக்கு உதவாது. 1500 விநாடியோ அதற்கு மேலோ உள்ளவற்றை மட்டும் எடுங்கள்.

கேலக்ஸியைத் தேர்வு செய்தல்

முதல் முயற்சிக்கு என்ஜிசி 4214 (சுமார் 3 மெகாபார்செக்), ஹோம்பெர்க் 2 (3.4), என்ஜிசி 4449 (சுமார் 4) ஆகிய மூன்றில் ஒன்று நல்லது. மூன்றிலும் பிறப்பு விறுவிறுப்பாக நடக்கிறது, முன்புறத் தூசு குறைவு, சரிபார்க்க வெளியான மதிப்புகளும் உண்டு. செக்ஸ்டன்ஸ் ஏ, டபிள்யூஎல்எம், ஐசி 1613 ஆகியவை இன்னும் அருகில் இருந்தாலும் மங்கலாகப் பரந்து கிடப்பவை. பின்னணியைக் கழிப்பதில் கை பழகிய பிறகு அவற்றுக்கு வாருங்கள்.

பலரும் ஆசைப்படுவது என்ஜிசி 6822. அரை மெகாபார்செக் தொலைவுதான், தனுசு ராசியில் நம் ஊர் வானில் 65 பாகை உயரம் வரை ஏறும். ஆனால் பால்வீதித் தளத்துக்கு அருகில் இருப்பதால் நிறமிகுதி (இடையிலுள்ள தூசு ஒளியைச் சிவப்பாக்கும் அளவு) சுமார் 0.2 வருகிறது. தொலை புற ஊதாவில் இதை 8.24 ஆல் பெருக்க வேண்டும், அதாவது 1.65 ஒளிப்பொலிவெண் (பொலிவை மடக்கை அளவில் சொல்லும் எண்). வரும் ஒளியில் கால்பங்குகூட நம்மிடம் வந்து சேரவில்லை என்று பொருள். திருத்தம் 4.6 மடங்கு. நிறமிகுதியில் 0.02 பிசகினாலே விடை 16 விழுக்காடு மாறிவிடும். ஐசி 10 இன்னும் மோசம். அதைப் புற ஊதாவில் அளக்க முயலவே வேண்டாம்.

தொலைவை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் தேர்வின் ஒரு பகுதிதான். சிவப்பு விலகலை ஹபிள் விதியில் போட்டு எடுத்த தொலைவு இந்த அருகாமையில் செல்லாது. கேலக்ஸியின் சொந்த ஓட்டம் விரிவு வேகத்தை விழுங்கிவிடும். செம்பூத விண்மீன் கிளையின் உச்சியை வைத்து அளந்த தொலைவையே எடுங்கள். அதில் பிழை பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்குள் இருக்கும். ஒளிர்திறன் தொலைவின் இருபடிக்கு ஏற்ப மாறுவதால், அந்த 5 பிறப்பு வீதத்தில் 10 ஆகும். எந்தத் தொலைவை எடுத்தாலும் எல்லா அலைநீளங்களுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

புற ஊதா: முதல் எண்

படத்தைத் திறந்ததும் கேலக்ஸி புலத்தின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். கேலெக்ஸ் புலத்தின் விட்டம் ஏறத்தாழ 1.2 பாகை, ஆனால் மையத்திலிருந்து 0.55 பாகைக்கு வெளியே விளிம்புக் கோளாறுகள் மலிந்திருக்கும். அங்கே அமர்ந்த கேலக்ஸியை விட்டுவிட்டு வேறு புலம் தேடுவது நேர மிச்சம்.

அடுத்தது முன்புற விண்மீன்களை மறைத்தல். பால்வீதியின் சாதாரண விண்மீன்கள் அண்மைப் புற ஊதாவில் பளிச்சென்று தெரியும், தொலை புற ஊதாவில் மங்கிவிடும். இரு நிறங்களின் வேறுபாடு 1 ஒளிப்பொலிவெண்ணுக்கு மேல் இருக்கும் புள்ளி ஒளிகளை மறைக்கலாம் என்பது நடைமுறை விதி. கண்ணை மூடிக்கொண்டு இதைச் செயல்படுத்தக் கூடாது. கேலக்ஸிக்குள்ளேயே தூசு மூடிய இளங்கொத்து ஒன்று சிவந்து தெரிந்தால் அதையும் இந்த விதி அழித்துவிடும். மறைத்தவற்றை எல்லாம் ஒருமுறை ஒளியியல் படத்தின் மேல் போட்டுப் பாருங்கள். மறைத்த இடத்தைச் சுழியால் நிரப்பாமல் சுற்றியுள்ள பிக்சல்களின் சராசரியால் நிரப்புங்கள்.

இனி பின்னணி. இந்த வேலையில் அதிகம் பிழைப்பது இங்கேதான், ஆகவே சற்று நின்று போகலாம்.

ஒளியியல் படத்தில் பழகியவர்கள் பின்னணிக்கு இடைநிலை மதிப்பை எடுப்பார்கள், அல்லது மூன்று சிக்மாவுக்கு வெளியே உள்ளதை வெட்டிவிட்டுச் சராசரி எடுப்பார்கள். தொலை புற ஊதாவில் வானம் மிக இருட்டு. ஒரு பிக்சலுக்கு முழு வெளிப்பாட்டிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஃபோட்டான்களே விழும். குறுகிய வெளிப்பாடாக இருந்தால் பாதிக்கு மேற்பட்ட பிக்சல்கள் வெறும் சுழிதான். அப்போது இடைநிலை மதிப்பே சுழி என்று வரும். சிக்மா வெட்டும் மேல் வாலை மட்டும் நறுக்கி, பின்னணியை உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். பாய்சான் பரவல் ஒரு பக்கம் சாய்ந்தது. அதைச் சமச்சீரான பரவலாக நினைத்து வெட்டுவதால் வரும் வினை இது. சரியான வழி: புள்ளி ஒளிகளைத் தாராளமாக மறைத்துவிட்டு, எஞ்சிய பிக்சல்களின் நேர்ச் சராசரியை எடுப்பது. அல்லது கேலெக்ஸ் குழுவே தரும் பின்னணிப் படத்தைக் கழிப்பது. இரண்டையும் செய்து ஒப்பிட்டால் மனம் நிம்மதியாக இருக்கும். பின்னணிப் படம் பெரிய கேலக்ஸியின் மங்கலான புறப்பகுதியைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும் என்பதால், 10 கலைக்கு (ஒரு பாகையில் 60 கலை, ஒரு கலையில் 60 விகலை) மேல் விரிந்தவற்றுக்கு நேர்ச் சராசரியே மேல்.

பின்னணியில் விழும் சிறு பிழை எவ்வளவு பெருக்கும் என்று பாருங்கள். கேலெக்ஸ் பிக்சல் 1.5 விகலை. 150 விகலை ஆரமுள்ள வட்டத்துக்குள் 31,416 பிக்சல்கள் அடங்கும். பின்னணியை ஒரு பிக்சலுக்கு விநாடிக்கு 0.00001 எண்ணிக்கை தவறாகக் கழித்தால் மொத்தத்தில் 0.31 எண்ணிக்கை பிசகும். கேலக்ஸி விநாடிக்கு 60 எண்ணிக்கை தருமானால் அது அரை விழுக்காடு, கவலை இல்லை. 3 மட்டுமே தருமானால் பத்து விழுக்காடு. மங்கலான கேலக்ஸியில் ஃபோட்டான் இரைச்சலை மட்டும் பிழையாகக் காட்டும் அறிக்கை தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது. கேலக்ஸியைச் சுற்றி அதே அளவுள்ள வெற்று வட்டங்கள் எட்டோ பத்தோ போட்டு, அவற்றின் மொத்தங்கள் எவ்வளவு சிதறுகின்றன என்று பாருங்கள். உண்மையான பின்னணிப் பிழை அதுதான்.

வட்டத்தின் ஆரத்தைக் கண்மதிப்பில் முடிவு செய்யாதீர்கள். 10 விகலை இடைவெளியில் ஆரத்தைக் கூட்டிக்கொண்டே போய் மொத்த எண்ணிக்கையை வரைந்தால், ஓரிடத்தில் கோடு சமமாகிவிடும். அங்கே நிறுத்துங்கள். சமமாகாமல் ஏறிக்கொண்டே போனால் பின்னணி குறைவாகக் கழிந்திருக்கிறது. உச்சம் தொட்டு இறங்கினால் அதிகமாகக் கழிந்திருக்கிறது. சாய்ந்த கேலக்ஸிக்கு வட்டத்துக்குப் பதில் நீள்வட்டம். முடிவான வடிவத்தைக் குறித்து வைத்து எச்-ஆல்ஃபாவுக்கும் 24 மைக்ரானுக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். கணக்குக்காக ஒரு கேலக்ஸி: தொலைவு 3.4 மெகாபார்செக், தொலை புற ஊதாவில் நிகர எண்ணிக்கை விநாடிக்கு 60, நிறமிகுதி 0.03.

கேலெக்ஸ் தொலை புற ஊதாவின் சுழிப்புள்ளி, அதாவது விநாடிக்கு ஓர் எண்ணிக்கைக்கு உரிய ஒளிப்பொலிவெண், 18.82. எண்ணிக்கையின் மடக்கையை 2.5 ஆல் பெருக்கிக் கழித்தால் ஒளிப்பொலிவெண் 14.38. முன்புறத் தூசுக்கு 0.03 × 8.24 = 0.25 கழித்தால் 14.13. இத்துடன் 48.6 கூட்டி, −0.4 ஆல் பெருக்கி, பத்தின் அடுக்காக்கினால் ஓர் ஹெர்ட்சுக்கான பாயம் (நம்மை வந்தடையும் ஒளியின் அளவு) 8.1 × 10⁻²⁶ எர்க்/விநாடி/சதுர செ.மீ. அலைநீளம் 1528 ஆங்ஸ்ட்ராம் என்று கொண்டால் அதிர்வெண் 1.96 × 10¹⁵, பெருக்கினால் 1.59 × 10⁻¹⁰. 3.4 மெகாபார்செக் என்பது 1.05 × 10²⁵ செ.மீ., அந்த ஆரமுள்ள கோளத்தின் பரப்பு 1.38 × 10⁵¹. ஆக ஒளிர்திறன் 2.2 × 10⁴¹ எர்க்/விநாடி.

கெனிக்கட், எவன்ஸ் இருவரும் 2012இல் தொகுத்த கெழுவின்படி (ஒளிர்திறனைப் பிறப்பு வீதமாக மாற்றும் எண்) இந்த ஒளிர்திறனை 2.24 × 10⁴³ ஆல் வகுக்க வேண்டும். விடை ஆண்டுக்கு 0.0098 சூரிய நிறை.

சுழிப்புள்ளியை மாற்றிப் போடுவதே இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. அண்மைப் புற ஊதாவின் சுழிப்புள்ளி 20.08. அதைத் தொலை புற ஊதாவுக்குப் போட்டால் விடை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். பார்வைக்கு நியாயமான எண்ணாகத் தெரிவதால் பிடிபடவும் செய்யாது. தெளிவுப் படம் ஏற்கெனவே விநாடிக்கான எண்ணிக்கையில் இருக்கிறது என்பதை மறந்து வெளிப்பாட்டு நேரத்தால் மறுபடி வகுப்பது இன்னொன்று. ஆயிரம் மடங்கு குறைவதால் இது உடனே தெரிந்துவிடும்.

யூவிட் படம் கிடைத்தால் விடாதீர்கள். 2015 செப்டம்பர் 28இல் ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட்டின் இந்தக் கருவி, கேலெக்ஸின் நான்கு, ஐந்து விகலைத் தெளிவுக்கு எதிரில் ஒன்றரை விகலைக்கும் குறைந்த தெளிவு தருகிறது. கேலெக்ஸில் ஒரே குமிழாகத் தெரிவது இதில் நாலைந்து கொத்துகளாகப் பிரியும். புலம் 28 கலை. பெரும்பாலான குறுங்கேலக்ஸிகள் முழுதாக அடங்கும். ஒவ்வொரு ஃபில்டருக்கும் சுழிப்புள்ளி தனி, அவை 2020இல் திருத்தப்பட்டுள்ளன. பழைய 2017 மதிப்புகளைக் கலந்துவிடாதீர்கள். படத்தின் வான ஆயங்கள் சில சமயம் நகர்ந்தோ சுழன்றோ இருக்கும், கையா விண்மீன் அட்டவணையோடு பொருத்திச் சரிசெய்த பிறகே அளவெடுங்கள். யூவிட்டின் அண்மைப் புற ஊதாப் பகுதி 2018இல் நின்றுவிட்டது. அதற்குப் பிந்தைய புலங்களில் முன்புற விண்மீன்களைப் பிரிக்க கையாவையே நம்ப வேண்டும்.

எச்-ஆல்ஃபா: இரண்டாம் எண்

சுமார் 15 சூரிய நிறைக்கு மேற்பட்ட விண்மீன்கள் உமிழும் அயனியாக்கும் ஒளியே 6563 ஆங்ஸ்ட்ராம் கோடாக வெளிவருகிறது. குறுகிய ஃபில்டரில் எடுத்த படத்தில் இந்தக் கோட்டோடு சேர்த்து எல்லா விண்மீன்களின் தொடர் ஒளியும் இருக்கும். சிவப்பு ஆர் ஃபில்டர் படத்தைத் தக்க விகிதத்தில் குறைத்துக் கழித்தால் கோடு மட்டும் மிஞ்சும்.

கழிப்பதற்கு முன் இரு படங்களின் மங்கலையும் ஒன்றாக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் வெள்ளைக் கறுப்பு வளையம் நிற்கும். பிறகு புலத்தில் உள்ள, செறிவடையாத இருபது முப்பது முன்புற விண்மீன்களின் எண்ணிக்கை விகிதத்தைக் கண்டு, அதன் இடைநிலையை விகிதமாகக் கொள்ளுங்கள். மிகச் சிவந்த விண்மீன்களை இதில் சேர்க்காதீர்கள். அவற்றின் நிறமாலையில் 6563க்கு அருகே மூலக்கூறு உறிஞ்சல் பள்ளங்கள் உண்டு.

விகிதத்தில் 3 விழுக்காடு பிசகினால் என்ன ஆகும் என்பது கேலக்ஸியைப் பொறுத்தது. ஃபில்டர் அகலம் 70 ஆங்ஸ்ட்ராம் என்போம். கோட்டின் சமான அகலம் (தொடர் ஒளியோடு ஒப்பிட்ட கோட்டின் வலிமை) 30 ஆங்ஸ்ட்ராம் உள்ள சுறுசுறுப்பான கேலக்ஸியில் அந்தப் பிழை 2.1/30, அதாவது 7 விழுக்காடு. சமான அகலம் 5 மட்டுமே உள்ள சோம்பிய கேலக்ஸியில் 42 விழுக்காடு. பிறப்பு மந்தமான குறுங்கேலக்ஸிகளில் எச்-ஆல்ஃபா எண்ணை எச்சரிக்கையோடு தொட வேண்டும் என்பதற்கு இதுவே முதல் காரணம். கழித்த படத்தில் முதிய விண்மீன்கள் நிறைந்த மையப்பகுதி கறுத்துக் குழிந்தால் விகிதம் அதிகம். வெளிச்சமாய் மூட்டமாய் நின்றால் குறைவு.

இரண்டு சிறு திருத்தங்கள் உள்ளன. ஆர் ஃபில்டருக்குள்ளும் எச்-ஆல்ஃபா இருப்பதால் கழிக்கும்போது கோட்டின் ஒரு பகுதியும் போய்விடுகிறது. ஆர் அகலம் 1500 என்றால் 70/1500, ஏறக்குறைய 5 விழுக்காடு. அதைத் திரும்பக் கூட்டுங்கள். அடுத்து, 6548, 6583 ஆங்ஸ்ட்ராமில் உள்ள நைட்ரஜன் கோடுகள். சுருள் கேலக்ஸியில் இவை எச்-ஆல்ஃபாவில் பாதி அளவுக்குக்கூட வரும். குறுங்கேலக்ஸியில் கன உலோகம் குறைவு என்பதால் அற்பமே. கெனிக்கட் குழு 2008இல் தந்த தொடர்பின்படி, நீல நிறத் தனி ஒளிப்பொலிவெண்ணை −0.173 ஆல் பெருக்கி 3.903 கழித்தால் விகிதத்தின் மடக்கை கிடைக்கும். −16 பொலிவுள்ள கேலக்ஸிக்கு இது 0.07. பெரிய கேலக்ஸிக்கான 0.5ஐப் பழக்கதோஷத்தில் போட்டுவிட்டால், இருக்கும் எச்-ஆல்ஃபாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை நாமே கழித்துவிடுவோம்.

நம் கணக்குக் கேலக்ஸிக்குத் திருத்தங்களெல்லாம் போக எச்-ஆல்ஃபா பாயம் 8.0 × 10⁻¹³ எர்க்/விநாடி/சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கோளப் பரப்பால் பெருக்கினால் 1.1 × 10³⁹. 1.86 × 10⁴¹ ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 0.0059 சூரிய நிறை. புற ஊதா 0.0098 என்றது. விகிதம் 0.6.

மொட்டை மாடியிலிருந்து

காப்பகப் படமே தரத்தில் மேல். ஆனாலும் என்ஜிசி 4449, என்ஜிசி 4214 இரண்டின் எச்-ஆல்ஃபாவைச் செட்டிநாட்டிலிருந்தே 200 மி.மீ. தொலைநோக்கியால் எடுக்க முடியும். 10 பாகை அட்சத்தில் முதலாவது 56 பாகை உயரமும் இரண்டாவது 64 பாகையும் ஏறும். மார்ச் இறுதியில், பங்குனி நடுவில், நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வரும். அது நமக்கு மேகமில்லாத காலமும்கூட. ஐசி 1613 உச்சிக்கு வருவது அக்டோபரில், வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும்போது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஹோம்பெர்க் 2 நம் ஊரில் 29 பாகைக்கு மேல் ஏறாது, அதைக் காப்பகத்துக்கே விட்டுவிடலாம்.

ஒரே நிறக் குளிரூட்டிய சிமாஸ் கேமரா, 7 நானோமீட்டர் எச்-ஆல்ஃபா ஃபில்டர், ஒரு ஆர் ஃபில்டர். 3 நானோமீட்டர் ஃபில்டர் நகர வெளிச்சத்தை இன்னும் நன்றாக வெட்டும் என்று கடைக்காரர் சொல்வது படம் எடுக்கச் சரி, அளவெடுக்கச் சரியில்லை. என்ஜிசி 4449 விநாடிக்கு 207 கி.மீ. வேகத்தில் விலகுவதால் கோடு 4.5 ஆங்ஸ்ட்ராம் சிவப்புப் பக்கம் நகர்கிறது; எஃப்/4 போன்ற வேகமான தொலைநோக்கியில் ஃபில்டரின் கடத்து பட்டை நீலப் பக்கம் நகர்கிறது. இரண்டும் சேர்ந்து கோடு பட்டையின் சரிவில் போய் உட்காரும், எத்தனை விழுக்காடு கடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 7 நானோமீட்டரில் இந்தத் தொல்லை இல்லை.

பங்குனி இரவில் மாடியில் 27, 28 டிகிரி இருக்கும். கேமராவை −20க்கு வைக்க முயன்றால் குளிரூட்டி முழு வேகத்தில் ஓடியும் வெப்பநிலை நிலைக்காது, இருட்டுப் படங்கள் பொருந்தாமல் போகும். −5 போதும். செங்கல்லும் சுண்ணாம்பும் பகல் வெயிலை நள்ளிரவு வரை கக்கிக்கொண்டிருக்கும், அதுவரை விண்மீன்கள் கொதிக்கும். வளவு முற்றத்தைவிட, நாலு பக்கமும் காற்றோட்டம் உள்ள மாடி மூலை நல்லது. காரைக்குடி விளக்குகளைத் தாண்டி ஆத்தங்குடி, கானாடுகாத்தான் பக்கம் போக முடிந்தால் ஆர் படத்தின் பின்னணி நன்றாக இறங்கும்.

எச்-ஆல்ஃபாவில் 300 விநாடியாக 24 படம், ஆரில் 60 விநாடியாக 30 படம் என்று தொடங்கலாம். சமப்புலப் படங்களை ஒவ்வொரு ஃபில்டருக்கும் அன்றன்றே எடுங்கள். பாயத்தைச் சரிசெய்ய எச்இசட் 44 அல்லது ஃபீஜ் 34 என்ற தர விண்மீன். இரண்டும் 11, 12ஆம் ஒளிப்பொலிவு, என்ஜிசி 4449 இருக்கும் அதே வானப் பகுதியில் அகப்படும். தர விண்மீனை ஒரே உயரத்தில் எடுத்து நிறுத்தாமல், 35 பாகையில் ஒருமுறையும் 55 பாகைக்கு மேல் ஒருமுறையும் எடுத்தால், அன்றைய இரவின் வளிமண்டல மறைப்பை நீங்களே கணக்கிடலாம். கடல்மட்டத்துக்கு அருகில், புழுதியும் ஈரமும் உள்ள நம் காற்றுக்கு மலை உச்சி ஆய்வகத்தின் அட்டவணையைக் கடன் வாங்கக் கூடாது.

ஆய்வுத்தரப் படம் புதிதாக வேண்டுமானால் வழி வேறு. இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஹான்லே 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கிக்கோ காவலூருக்கோ வழிகாட்டும் பேராசிரியர் மூலம் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.

தூசு: சிறிய திருத்தம், பெரிய பொறி

கேலக்ஸிக்குள்ளேயே தூசு விழுங்கிய ஒளி அகச்சிவப்பில் திரும்ப வருகிறது. 24 மைக்ரான் ஒளிர்திறனை 3.89 ஆல் பெருக்கிப் புற ஊதாவோடும், 0.020 ஆல் பெருக்கி எச்-ஆல்ஃபாவோடும் கூட்ட வேண்டும். நம் கேலக்ஸியில் 24 மைக்ரான் பாயம் 20 மில்லிஜான்ஸ்கி என்றால் ஒளிர்திறன் 3.5 × 10³⁹. இரண்டு எண்களும் 6 விழுக்காடு மட்டும் ஏறி 0.0104, 0.0063 ஆகின்றன. அகச்சிவப்பை மட்டும் வைத்துப் பிறப்பு வீதம் கணக்கிடும் சூத்திரங்கள் ஏன் குறுங்கேலக்ஸிக்கு ஆகாது என்பது இதிலேயே தெரிகிறது. தூசே இல்லாத இடத்தில் தூசின் ஒளியைத் தேடுகிறோம். 1.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ முறைக்கும் இதே கதிதான். காஸ்மிக் கதிர்கள் சின்னக் கேலக்ஸியில் தங்காமல் தப்பிவிடுகின்றன.

பொறி எதுவென்றால், கேலக்ஸியே மங்கலாக இருக்கும் 24 மைக்ரான் படத்தில், வட்டத்துக்குள் விழுந்த தொலைதூரப் பின்னணிக் கேலக்ஸிகள் மொத்தப் பாயத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும். எச்-ஆல்ஃபாவிலோ புற ஊதாவிலோ துணை இல்லாத 24 மைக்ரான் புள்ளியைச் சந்தேகப்பட்டு மறையுங்கள். ஸ்பிட்சர் படத்தின் அலகு ஸ்டெரேடியனுக்கு மெகாஜான்ஸ்கி என்பதையும் கவனியுங்கள். 1.5 விகலைப் பிக்சலுக்கு 52.9 ஆல் பெருக்கினால் மைக்ரோஜான்ஸ்கி கிடைக்கும்.

இரண்டு எண்களும் ஏன் ஒத்துப்போவதில்லை

0.6 என்ற நம் விகிதம் வியப்பல்ல. 2009இல் ஜானிஸ் லீ குழு, 11 மெகாபார்செக்குக்குள் உள்ள கேலக்ஸிகளை ஒப்பிட்டபோது, பிறப்பு வீதம் 0.003 சூரிய நிறைக்கு இறங்கும் இடத்தில் எச்-ஆல்ஃபா, புற ஊதாவைவிடச் சராசரியாக இரு மடங்கு குறைத்துக் காட்டுவதையும், இன்னும் கீழே சில கேலக்ஸிகளில் வேறுபாடு பத்து மடங்கை எட்டுவதையும் கண்டது.

மூன்று காரணங்கள் போட்டியிடுகின்றன. முதலாவது வெறும் எண்ணிக்கைப் பற்றாக்குறை. ஏறக்குறைய நூறு சூரிய நிறை விண்மீன் பிறந்தால்தான் 8 சூரிய நிறைக்கு மேற்பட்டது ஒன்று கிடைக்கும். வீதம் 0.0001 உள்ள கேலக்ஸியில் ஐந்து மில்லியன் ஆண்டில் பிறப்பது மொத்தமே 500 சூரிய நிறை. எச்-ஆல்ஃபாவைத் தூண்டும் பெரிய விண்மீன் அதில் ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இரண்டாவது, பிறப்பே வெடிப்பு வெடிப்பாக நிகழ்வது; வெடிப்பு ஓய்ந்து 20 மில்லியன் ஆண்டான கேலக்ஸியில் எச்-ஆல்ஃபா அணைந்திருக்கும், புற ஊதா இன்னும் மின்னும். மூன்றாவது, அயனியாக்கும் ஃபோட்டான்கள் வாயுவில் படாமல் வெளியே கசிவது. சிறு கொத்துகளில் பெரிய விண்மீன்கள் பிறப்பதே குறைவு என்ற வாதமும் உண்டு. ஆனால் முதல் இரண்டு காரணங்களைச் சரியாகக் கணக்கில் எடுத்த பிறகு அதற்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்ப்பதுதான் முறை. அதற்கு ஸ்லக் போன்ற நிரல் உண்டு. உங்கள் வீதத்தைக் கொடுத்து ஆயிரம் போலிக் கேலக்ஸிகளை உருவாக்கி, எச்-ஆல்ஃபா, புற ஊதா விகிதம் எவ்வளவு சிதறும் என்று காட்டச் சொல்லலாம். உங்கள் 0.6 அந்தச் சிதறலுக்குள் விழுந்தால், கேலக்ஸியைப் பற்றிக் கதை கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

புற ஊதாக் கெழுவும் கல்வெட்டல்ல. ஹபிள் படங்களில் விண்மீன்களைத் தனித்தனியே எண்ணி வரலாறு எழுதிய மெக்குவின் குழு 2015இல், குறுங்கேலக்ஸிகளுக்கு அது ஏறத்தாழ 53 விழுக்காடு கூட வேண்டும் என்றது. அதை ஏற்றால் நம் 0.0104 என்பது 0.016 ஆகும். எதை எடுத்தாலும் சரி, எதை எடுத்தோம் என்று எழுதிவிட வேண்டும்.

வாயுவோடு சேர்த்துப் பார்த்தல்

வீதம் கையில் இருந்தால் அடுத்த கேள்வி, இருப்பு எத்தனை நாளைக்கு வரும் என்பது. நடுநிலை ஹைட்ரஜனின் 21 செ.மீ. பாயத்தைப் புனே அருகே உள்ள மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியின் குறுங்கேலக்ஸி ஆய்வான ஃபிக்ஸ் போன்றவற்றிலிருந்து எடுக்கலாம். தொலைவின் இருபடியையும் (மெகாபார்செக்கில்) பாயத்தையும் (ஜான்ஸ்கி கி.மீ./விநாடியில்) 2.36 × 10⁵ ஆல் பெருக்கினால் சூரிய நிறையில் ஹைட்ரஜன் நிறை. நம் கேலக்ஸிக்குப் பாயம் 30 என்றால் 8.2 × 10⁷, ஹீலியத்துக்கு 1.33 ஆல் பெருக்கினால் 1.1 × 10⁸. வீதத்தால் வகுத்தால் ஏறத்தாழ 10 பில்லியன் ஆண்டு. குறுங்கேலக்ஸிக்கு இப்படி நீண்ட காலம் வருவது வழக்கம். நூறு மில்லியன் ஆண்டு என்று வந்தால் எங்கோ ஓர் அடுக்கு தவறியிருக்கும்.

எழுதும் முறை

அட்டவணையில் ஒவ்வொரு கேலக்ஸிக்கும் தொலைவு, அதன் மூலம், அளவு வட்டத்தின் ஆரம், நிறமிகுதி, திருத்தாத பாயங்கள் இரண்டும், திருத்திய வீதங்கள் இரண்டும், பயன்படுத்திய கெழு, தொடக்க நிறைப் பரவல் (பிறக்கும் விண்மீன்களில் எந்த நிறையில் எத்தனை என்ற அனுமானம்) ஆகியவை இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். 1998இன் சால்பீட்டர் பரவல் சார்ந்த கெழுக்களுக்கும் 2012இன் குரூபா பரவல் சார்ந்த கெழுக்களுக்கும் எச்-ஆல்ஃபாவில் 1.5 மடங்கு வேறுபாடு. பழைய கட்டுரை எண்ணோடு ஒப்பிடும்போது அதை 0.68 ஆல் பெருக்கிய பிறகே ஒப்பிடுங்கள்.

பிழைகளை ஒரே எண்ணாகக் குழைக்காதீர்கள். ஃபோட்டான் இரைச்சல், பின்னணிச் சிதறல், சுழிப்புள்ளி (தொலை புற ஊதாவில் 0.05 ஒளிப்பொலிவெண்), தொலைவு ஆகிய நான்கையும் இருபடிகளாகக் கூட்டி ஒரு பிழை, கெழுவின் ஐயத்தைத் தனியாக இன்னொரு வரியில். உங்கள் முதல் கேலக்ஸியின் திருத்தாத புற ஊதாப் பாயம் வெளியான அட்டவணை மதிப்போடு 10 விழுக்காட்டுக்குள் பொருந்தாவிட்டால், வீதம் கணக்கிடுவதை நிறுத்திவிட்டுப் பின்னணிக்கும் அளவு வட்டத்துக்கும் திரும்பிப் போங்கள். பாயம் பொருந்தி, வீதம் மட்டும் வேறாக வந்தால், தொலைவிலோ கெழுவிலோதான் வேறுபாடு ஒளிந்திருக்கும்.